சேதாரம்

மூக்கனேரியில் ஆகாயத்தாமரை வேரில்
சிக்கிக் கிடந்தது ஒரு தக்கை.
விரல் நீளம். கல்யாண முருங்கைக் கட்டை.
கடையில் வாங்கியதில்லை, பார்த்ததும் தெரிந்தது.
கடைத்தக்கைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்.
இது ஒரு பக்கம் கொஞ்சம் பூசினாற்போல,
பிள்ளைத்தாச்சி ஒருக்களித்துப் படுத்த மாதிரி.

ஏழு வருசத்து ஞாயிற்றுக்கிழமைகளில்
இந்த ஏரியில் யார் தக்கை எதுவென்று படித்துவிட்டேன்.
மயிலிறகுத் தண்டு என்றால் மின்வாரியத்து மாதேசன்,
மலையடிவாரத்தில் பொறுக்குகிறான்,
கேட்டால் "தானா உதிர்ந்தது" என்பான்.
நீல ரப்பர் என்றால் செருப்பறுந்த பையன்கள்.
தெர்மகோல் என்றால்
மீனுக்கு வந்தவர்கள் இல்லை,
வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள்.
என்னுடையது சோளத்தட்டை. இரண்டு வாரம் தாங்கும்.
ஊறிப்போனால், போ என்று விட்டுவிடுவேன்.

இது யாருடையது?

சேலையில் துடைத்தேன்.
மேல் நுனியில் சிவப்பு நகப்பூச்சு,
ஒரு கோட்டோடு நிற்கிறது.
கோடுவரை முங்கும்படி ஈயம் கட்டவேண்டும் என்று அர்த்தம்.
நூல் சுற்று பதினெட்டு,
ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை.
கட்டைக்குள் ஊடுருவி ஓடிய கம்பி
அடியில் வளையமாகச் சுருண்டிருந்தது.

வளையத்தை நகத்தால் சுரண்டினேன்.
கறுப்பு உதிர்ந்து வெளுத்தது.
இரும்பு இப்படி வெளுக்காது.
ஈயம் இவ்வளவு விறைக்காது.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
பதினாறு வருசமாகக் கொலுசுக்கு வளையம் பற்றவைக்கிறவள் நான்.
பொடி அதிகமாகி மேடு தட்டினால் புதுப்பையன் ஊதியது.
வாய் கூடாமல் ஊசிமுனை இடைவெளி இருந்தால்
அன்றைக்குச் சம்பளநாள்.
சுற்றிச்சுற்றித் தடவினாலும்
தொடக்கம் அகப்படவில்லை என்றால்
அர்த்தநாரி.

தை மாதம் தராசில் ஒரு கிராம் குறைந்தது.
முதலாளி மூன்று முறை நிறுத்தார்.
தரையைக் கூட்டி, மண்ணைக் கழுவி,
கழுவின தண்ணீரை வடித்து,
என் முந்தானையை உதறச் சொல்லி,
கடைசியில் "சேதாரம்" என்று நோட்டில் எழுதி
ஆறு பேர் கூலியில் பிரித்துப் பிடித்தார்.
ஆளுக்குப் பதினைந்து ரூபாய்.
அர்த்தநாரிக்கும் பதினைந்து.

உள்ளங்கையில் வைத்து
கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன்.
பதினைந்து ரூபாய்க்கானது முதலில் வந்தது, சின்னது.
முந்தானைக்கானது பின்னால் வந்தது.
அது போக நேரமாயிற்று.
நீர்க்காகம் ஒன்று நாலு முறை முங்கி எழுந்தது.

அப்புறம் தூண்டிலில் கட்டினேன்,
சும்மா, எப்படி நிற்கிறதென்று பார்க்க.
மண்புழு. இரண்டு முழ ஆழம். ஈயம் ஒரு மிளகளவு.
காற்றடித்தால் என் தட்டை படுத்துவிடும்.
இது நின்றது.
தலைகீழாகக் கிடந்த சேர்வராயன் மலைமேல்
ஒரு சிவப்புப் புள்ளி.

ஜிலேபி தொட்டால் தக்கை நடுங்கும்,
வைத்தியனிடம் நாடி கொடுத்தவன் கை மாதிரி.
கெளுத்தி என்றால் சாய்ந்து பக்கவாட்டில் நடக்கும்.
விரால் தகவல் சொல்லாது. தக்கை இருக்கும், இருக்காது.
எல்லாமே இதில் அரை நொடி முன்னால் தெரிந்தது.
வெள்ளி அடியில் இழுக்க
கட்டை மேலே அடம்பிடிக்க,
திருட்டுக்கம்பி இத்தனை நேர்மையாக வேலை செய்யும் என்று
யாராவது சொன்னால் சிரித்திருப்பேன்.

நாலாவது ஜிலேபி ஏறும்போது
சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தான் அர்த்தநாரி.
என் நூலைப் பார்த்தான்.
"கடிக்குதா, பரிமளக்கா?"
"கடிக்குது."

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.
அவன் தூண்டிலில் தக்கை இல்லை,
ஒரு கோழியிறகைக் கட்டியிருந்தான்.
அதை விட்டுவிட்டு
இரண்டு பேரும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கன்னங்குறிச்சிப் பக்கம் கோயில் மைக் ஒருமுறை கரகரத்து அடங்கியது.

வெகுநேரம் கழித்து,
முகத்தைத் திருப்பாமல்,
"ஈயம் ஜாஸ்தி" என்றான்.
"அதுக்கு அரை மிளகு போதும்."

இழுத்துப் பார்த்தேன்.
பல்லால் கடித்துப் பாதியைத் துப்பினேன்.
மறுபடி வீசினேன்.

கோட்டுக்கு வந்து நின்றது.